பிளைட்கியரில் தரங்கம்பாடி

பிளைட்கியர் என்பது லினக்ஸ், விண்டோஸ், மேக் கணினிகளில் இயங்கும் கட்டற்ற பிளைட் சிமுலேட்டர் ஆகும். மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடியில் விமான நிலையம் இல்லை. எனவே சிமுலேட்டரில் அவ்வூரைக் காண விரும்புபவர் திருச்சிராப்பள்ளியில் இருந்து புறப்படலாம். செஸ்னா 172 வானூர்தியில் கிழக்கு வடகிழக்காக ஏறத்தாழ 125 கி.மீ. பறந்தால், சுமார் 40 நிமிடங்களில் கடற்கரை வந்துவிடும். அப்போது திரையில் தெரிவது எந்தத் தரங்கம்பாடி என்பதற்கு ஒரு தனி வரலாறு உண்டு.

1996 ஏப்ரலில் டேவிட் மர் என்னும் அமெரிக்கர், தன்னார்வலர்கள் கூடி இணையம்வழியே ஒரு சிமுலேட்டரை எழுதலாம் என்று முன்மொழிந்தார். அக்காலச் சிமுலேட்டர்கள் வணிகப் பொருள்கள். அவற்றின் மூலநிரலைப் பார்க்கவோ திருத்தவோ வாங்கியவருக்கு வழியில்லை. கர்ட் ஓல்சன் முதலானோர் ஓபன்ஜிஎல் வரைகலையை அடிப்படையாகக் கொண்டு பணியைத் தொடர, 1997-இல் பல இயங்குதளங்களுக்கான முதல் வெளியீடு வந்தது. பறத்தல் கணக்கீட்டுக்கு நாசாவின் லார்க்சிம் நிரல் உதவியது. பின்னர் ஜான் பெர்ண்ட் தொடங்கிய ஜேஎஸ்பிசிம் அவ்விடத்தைப் பெற்றது. 1.0 என்ற எண்ணைத் தொட 2007 டிசம்பர் வரை ஆயிற்று. இடைப்பட்ட பத்தாண்டுகளிலும் மென்பொருள் பயன்பாட்டில்தான் இருந்தது.

லினக்ஸ் கணினியில் இதை ஓட்டுவது தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. முப்பரிமாணக் காட்சிக்கு வரைகலை அட்டையும் அதற்கேற்ற இயக்கியும் வேண்டும். கட்டற்ற சிமுலேட்டரை நன்றாக ஓட்ட, மூலநிரல் மூடப்பட்ட என்விடியா இயக்கியைப் பலர் நாட வேண்டியிருந்தது ஒரு முரண். டெபியன் தொகுப்புக் களஞ்சியத்தில் பிளைட்கியர் இடம்பெற்ற பின் நிறுவுவது ஒரே கட்டளையில் முடிந்தது. சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் தரப்பட்டது.

நிரலை எழுதிவிடலாம், உலகத்தின் நிலத்தை யார் தருவது? தன்னார்வலர்கள் ஊர் ஊராகச் சென்று அளக்க முடியாது. அமெரிக்க அரசு பொதுவில் வெளியிட்ட தரவுகளே கைகொடுத்தன. கடற்கரை, ஆறு, நிலப்பயன்பாடு ஆகியவை விமேப்0 என்னும் நிலப்படத் தொகுப்பிலிருந்து வந்தன. அதன் அளவுத்திட்டம் 1:10,00,000. அதாவது படத்தில் 1 மி.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. டேனியர் 1620-இல் எழுப்பத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை இந்த அளவில் ஒரு புள்ளியாகக்கூட விழாது. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோன கதையும் அப்படத்துக்குத் தெரியாது.

உயரத் தரவு இன்னும் சிக்கலானது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்கள் பறந்து, ரேடார் மூலம் புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அத்தரவு, அமெரிக்காவுக்கு வெளியே முதலில் சுமார் 90 மீட்டர் இடைவெளியில் வெளியானது. உயரத்தில் 16 மீட்டர் வரை பிழையிருக்கலாம் என்பது அத்திட்டம் வகுத்துக்கொண்ட வரம்பு. இமயமலைக்கு அது பெரிதல்ல. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலுள்ள காவிரிக் கழிமுகக் கடலோரத்தில், பிழைக்கு அனுமதித்த அளவே நிலத்தின் உயரத்தைவிடப் பெரியது! மேலும் ரேடார் அலை பெரும்பாலும் தென்னந்தோப்பின் தலையிலும் வீட்டுக் கூரையிலும் பட்டுத் திரும்புகிறது; அதன் கீழுள்ள தரை பதிவாவதில்லை. உண்மையில் சமமாகக் கிடக்கும் நிலம் திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரியக்கூடும்.

பருவமும் ஒத்துவரவில்லை. பிளைட்கியரில் நெடுங்காலம் இருந்த தெரிவுகள் கோடை, குளிர்காலம் என்ற இரண்டு மட்டுமே. குறுவை நடவின் இளம்பச்சையும் தை மாதச் சம்பா வயலின் பொன்னிறமும் அந்தப் பாகுபாட்டில் அடங்குவன அல்ல.

நிலக்காட்சிக் கோப்புகள் ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற கட்டங்களாக அடுக்கப்பட்டுள்ளன. தரங்கம்பாடி கிழக்கு 79, வடக்கு 11 கட்டத்தில் வருகிறது. தெற்கே அருகிலிருக்கும் காரைக்காலோ வடக்கு 10 கட்டத்தைச் சேர்ந்தது. காரைக்கால் வரை மட்டும் கோப்புகளை இறக்கிவைத்த கணினியில், 11-ஆம் பாகைக் கோட்டைத் தாண்டியதும் நிலம் முடிந்து கடல் தொடங்கிவிடும். பறக்கும்போதே அடுத்த கட்டத்தை இணையத்திலிருந்து இறக்கும் டெராசிங்க் வசதி வந்த பின் இத்தொல்லை குறைந்தது.

வணிகச் சிமுலேட்டர்களில் காட்சிகள் இதைவிடச் செழிப்பாக இருந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் 2009 சனவரியில் மைக்ரோசாப்ட் தன் சிமுலேட்டரை உருவாக்கிய ஏசஸ் பிரிவை மூடியபோது, அதன் மூலநிரலைப் பயனர்கள் எடுத்து நடத்த வழியிருக்கவில்லை. பிளைட்கியரின் ஜிபிஎல் உரிமம் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அதே உரிமம் விற்பதையும் அனுமதிப்பதால், சிலர் பெயரை மாற்றிக் காசுக்கு விற்றதும் நடந்தது.

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நிலைமையை மாற்றியது. அதில் எவரும் கணக்குத் தொடங்கித் தெருவையும் கட்டடத்தையும் வரையலாம். ஓஎஸ்எம்2சிட்டி என்னும் நிரல் அவ்வரைவுகளைப் படித்துப் பிளைட்கியருக்கான கட்டடங்களை எழுப்புகிறது. தரங்கம்பாடியின் ராஜ வீதியில் ஒரு வீட்டின் நான்கு மூலைகளை ஒரு மாணவர் குறித்துவைத்தால், நிலக்காட்சி அடுத்து உருவாக்கப்படும்போது செஸ்னாவின் கண்ணாடி வழியே அவ்வீடு தெரியும்.