பாண்டி நாட்டிற் குதிரைகள் நலிந்த காரணம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் கரைகளினின்று குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்துப் பெற்றனர். வந்தவை விரைவில் மெலிந்து மடிந்தன. வெப்பமே காரணமெனின், அவை பிறந்த நாடுகளும் வெப்பம் மிக்கனவே.

ஊனொடு சமைத்த சோறே அவற்றிற்கு உணவென்றும், பரிமருத்துவர் அங்கிலர் என்றும், அன்னோர் ஆங்குச் செல்ல வணிகர் இடங்கொடார் என்றும் மார்க்கோ போலோ கூறுவர். பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, கேட்டெழுதியவராயினும், வறுத்த வாற்கோதுமை, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பால் ஆகியவற்றைக் குறிப்பர். கட்டியே வைத்துக் கொழுக்கச் செய்து, பயிற்சியின்றி ஊர்ந்தனர் என்றுஞ் சொல்வர். உணவுப்பொருள்கள் வேறுபடினும், ஊட்டும் முறை பிழையென்பதில் இருவரும் ஒன்றுபடுதல் நோக்கத்தக்கது.

புல் குறைந்து தானியமே மிகின் சுண்ணச்சத்துக் குன்றி, குதிரையின் எலும்பு வலியிழக்கும் என்பது இக்கால மருத்துவம் கண்ட உண்மை. உயர்ந்த பரிகள் ஈன்ற குட்டிகளும் ஆங்குக் கால் கோணிப் பிறந்தன என்னும் போலோவின் குறிப்பு இதனொடு இயைகின்றது.

பிற நோய்களும் உடனிருந்திருக்கலாம். எனினும் முதற்காரணம் உணவே எனக் கொள்ளுதல் பொருந்தும். அவ்வறியாமை நீங்காதிருத்தலே வணிகர்க்கு ஊதியமாயிற்று. மடிந்த ஒவ்வொரு குதிரையும் மறுவிற்பனைக்கு வழிவகுத்தது.