வெஸ்ட் பாயின்ட்டும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி 1802-இல் தொடங்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையால் தொகுதிக்கு ஒரு மாணவர் சேரும் வழக்கத்தை 1843-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமாக்கியது.

பரிந்துரைக் கடிதத்தின் வலிமைக்கு 1839-இல் நடந்ததே சாட்சி. ஹைரம் யுலிசிஸ் கிராண்ட் என்ற ஒஹையோ இளைஞரின் பெயரை, பரிந்துரைத்த உறுப்பினர் தாமஸ் ஹேமர் 'யுலிசிஸ் எஸ். கிராண்ட்' என்று தவறாக எழுதிவிட்டார். பதிவேட்டில் ஏறிய அந்தப் பெயரே, அவர் குடியரசுத் தலைவரான பிறகும் நிலைத்தது.

கறுப்பின இளைஞர்களுக்கோ அந்தக் கடிதம் கிடைப்பதே அரிது. 1932-இல் பெஞ்சமின் டேவிஸ் என்ற இளைஞர் இக்கல்லூரியில் சேர்ந்தது, அன்று நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்டின் பரிந்துரையால்தான். நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அறையில் துணையில்லை, உணவு மேசையில் பேச்சில்லை. அந்தக் கொடுமையைத் தாங்கி 1936-இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கு 1976-இல்தான் கதவு திறந்தது.

இன்று ஓர் உறுப்பினரின் ஒதுக்கீட்டில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் இக்கல்லூரியில் படிக்கலாம். பரிந்துரை கிடைத்தாலே இடம் உறுதியாகிவிடாது. படிப்பு, உடல்திறன், மருத்துவத் தகுதி ஆகியவற்றைக் கல்லூரி எடைபோட்ட பிறகே நியமனம். அமெரிக்கப் படைக் கல்லூரிகளுள் கடலோரக் காவல்படைக் கல்லூரிக்கு மட்டும் பரிந்துரையே தேவையில்லை.