மூக்கறுபட்ட வண்டிக்காரரும் இன்றைய மூக்கு அறுவையும்

“நாலு பேர் முன்னால் மூக்கறுபட்டேன்” என்கிறோம். “மூக்கும் முழியுமாக இருக்கிறாள்” என்றும் சொல்கிறோம். மானத்தையும் அழகையும் ஒருசேர மூக்கின்மேல் ஏற்றி வைத்த மொழி நம்முடையது. வகுப்பறையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும்போதும் முதலில் அகப்படுவது பெரும்பாலும் மூக்குதான். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் சிலர், மூக்கைத் திருத்தும் அறுவை பற்றி என்னிடம் கேட்பதுண்டு. மருத்துவம் என் துறையன்று. எனினும் இவ்வறுவையின் வரலாற்றை அறிந்தால் கேட்கவேண்டிய கேள்விகள் தாமே புலப்படும்.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது (1790–92) ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர், திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதுமூக்கு அமைத்தார். அவர் முதலில் மெழுகால் மூக்கின் வடிவம் செய்தார்; அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு வரைந்தார்; கோட்டின்படி தோலை உரித்தெடுத்துக் கீழே திருப்பினார். புருவங்களுக்கிடையே ஒரு சிறு தோல்துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். குருதியோட்டம் நின்றுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. தையல் இல்லை, காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். புதிய தோல் வேரூன்றிய பின், ஏறத்தாழ 25ஆம் நாள், அந்த இணைப்பைத் துண்டித்தார்.

இச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் வெளிவந்தது. இதனால் ஊக்கம் பெற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர், பல ஆண்டுகள் பிணங்களில் பயின்ற பிறகே, 1814 அக்டோபர் 23இல் ஓர் அதிகாரிக்கு இம்முறையில் மூக்கு அமைத்தார். மயக்கமருந்து அறிமுகமாகாத காலம் அது! வண்டிக்காரரின் பெயர் ஏட்டில் நிலைத்தது. மூக்கு அமைத்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

சுசுருத சங்கிதையிலும் நெற்றித்தோல் முறையே உள்ளதாகப் பலர் எழுதுகின்றனர். அந்நூல் கூறுவது கன்னத்துத் தோலை. மாணவர்க்குச் சொல்லும்போது இதைக் கவனத்திற் கொள்க.

இவையெல்லாம் இழந்த மூக்கை மீட்டவை. இருக்கும் மூக்கை அழகுக்காகத் திருத்தும் கதை வேறு. அமெரிக்காவின் ஜான் ஓர்லாண்டோ ரோ 1887இல் மூக்கின் உட்புறமாகவே அறுத்துத் திருத்தும் முறையை வெளியிட்டார். பெர்லினில் ஜாக் ஜோசப், பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு சிறுவனின் பெரிய காதுகளை 1896இல் சிறிதாக்கினார். அதனாலேயே வேலையையும் இழந்தார். 1898இல், பெரிய மூக்கினால் பொது இடங்களுக்குச் செல்லக் கூசிய ஒருவரின் மூக்கைச் சிறிதாக்கினார். மனவேதனையும் நோயே என்பது அவர் வாதம். ஆசிரியர் என்ற முறையில் அவ்வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் சிறு குறையையே நாள்முழுதும் எண்ணி மருகும் ஒருவகை மனநோயும் உண்டு. அதற்கு அறுவை தீர்வாகாது; முதலில் மனநல மருத்துவரையே நாட வேண்டும்.

கத்தியின்றி ஊசியால் திருத்துவதும் புதிதன்று. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூக்கில் பாரஃபின் மெழுகை ஏற்றினர். அது இடம்பெயர்ந்தது, கட்டியாயிற்று. சிலருக்குக் குருதிக்குழாயை அடைத்துக் கண்ணையும் பறித்தது. இன்று ஏற்றப்படும் ‘ஃபில்லர்’ வேறு பொருள்தான். ஆயினும் அதே குருதிக்குழாய்கள் அதே இடத்தில்தான் உள்ளன; அரிதாயினும் பார்வையிழப்பு நேர்ந்திருக்கிறது. அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று மூக்கை நீட்டிவிடாதீர்கள்.

அறுவைக்குச் செல்வோர், மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்திலோ சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திலோ பதிவு பெற்றவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் மூக்கை உயர்த்தச் சிலிக்கோன் வைப்பது மிகுதி. அது பல ஆண்டுகள் கழித்தும் நகரலாம், சீழ் பிடிக்கலாம், தோலைத் துளைத்து வெளிவரலாம். அளவுக்கு மீறிக் குருத்தெலும்பை அகற்றினால் மூக்கு சரியும், மூச்சும் தடைபடும். ஆகவே “அழகாகுமா?” என்பதோடு “மூச்சு எப்படி இருக்கும்?” என்றும் கேளுங்கள். முகவீக்கம் சில வாரங்களில் பெரும்பாலும் வடிந்தாலும், மூக்கின் இறுதி வடிவம் தெரிய ஓராண்டு ஆகலாம். சிலருக்கு மறு அறுவையும் தேவைப்படும். புகைப்பழக்கம் காயம் ஆறுவதைக் கெடுக்கும். உட்கொள்ளும் மருந்துகளையும் மூலிகைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அழகுக்கான அறுவையென்றால், முகம் வளர்ந்து முடியும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 15, 16 வயது. ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு கூடுதல். அதுவரை வகுப்பில் நடக்கும் கேலியை நிறுத்துவது நம் பொறுப்பு.