கேட்பதற்கென்றே ஒருவர்: பிள்ளைகளின் மனநலச் சேவையும் ஆசிரியர் மீது ஏற்றப்படும் பணியும்

தேசிய மனநல ஆய்வு (2015–16), 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருப்பதாக மதிப்பிட்டது. பெரும்பாலான மனநோய்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இந்த எண்களை முன்வைக்கும் போதெல்லாம் மனநல மருத்துவர் போதாது, குழந்தை மனநல மருத்துவரோ அரிதினும் அரிது என்ற விளக்கம் உடனே வந்துவிடுகிறது. அது உண்மைதான். ஆனால் மருத்துவரின் அறைக்கு வருமுன் ஒரு பிள்ளை தாண்ட வேண்டிய படிகள் பல உள்ளன. யாரிடம் சொல்வது? என்ன காரணம் சொல்லி உள்ளே நுழைவது? சொல்லப் போனால் கேட்பவருக்கு நேரம் இருக்குமா? தெற்காசியாவில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த மிகச் சிறந்த ஆய்வுகள் இந்த முன்படிகளைப் பற்றியவை. அவற்றுள் மிகத் தெளிவான முடிவைத்தான் அரசின் கொள்கை கண்டுகொள்ளவில்லை என்பது என் வாதம்.

பீகாரின் நாலந்தா மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2015–16 கல்வியாண்டில் ‘சேஹர்’ ஆய்வு நடந்தது. சச்சின் ஷிண்டே, விக்ரம் படேல் உள்ளிட்டோர் எழுதிய அதன் முடிவுகள் 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 13,000 பேருக்கு மேல் அதில் பங்கேற்றார்கள். திட்டத்தின் உள்ளடக்கத்தில் வியப்பதற்கு எதுவுமில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பொருள் பற்றிப் பேச்சு, மாதந்தோறும் ஒரு சுவர் இதழ், மாணவர் குழு, பயிலரங்கு, தேவைப்படுவோருக்குத் தனியாகப் பேச வாய்ப்பு. இவற்றோடு பள்ளிச் சுவரில் ஒரு பெட்டியும் உண்டு. மனத்தில் உள்ள குறையையோ கேள்வியையோ யோசனையையோ துண்டுத்தாளில் எழுதி, பெயர் போட்டும் போடாமலும் அதில் போடலாம்.

இந்த ஆய்வின் அருமை அதன் ஒப்பீட்டில் இருக்கிறது. ஒரு தொகுதிப் பள்ளிகளில் இத்திட்டத்தை நடத்தியவர், இதற்கென்றே பணியமர்த்தப்பட்டுப் பயிற்சி பெற்ற, மனநல வல்லுநர் அல்லாத ஓர் ஆலோசகர். இன்னொரு தொகுதியில் அதே திட்டத்தை அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே நடத்தினார். மூன்றாம் தொகுதியில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். எட்டு மாதங்களுக்குப் பிறகு அளந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவர் உணர்ந்த பள்ளிச் சூழல் பெரிதும் மேம்பட்டிருந்தது. தரப்படுத்திய வேறுபாடு 1.88. கல்வித்துறை ஆய்வுகளில் இவ்வளவு பெரிய எண்ணைக் காண்பது அரிது. மனச்சோர்வு அறிகுறிகளும், ஒருவரையொருவர் துன்புறுத்துவதும், வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, எதுவும் கூடுதலாகச் செய்யப்படாத பள்ளிகளிலிருந்து வேறுபாடே இல்லை. 17 மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தபோதும் ஆலோசகர் இருந்த பள்ளிகளே முன்னே நின்றன.

இதை ஆசிரியர்களின் குறையாகப் படிப்பது பெரும் பிழை. அரசுப் பள்ளி ஆசிரியரின் ஒரு நாளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். பாடவேளைகள், விடைத்தாள், வருகைப் பதிவு, சத்துணவு, உதவித்தொகைப் படிவம், தேர்தல் பணி. இவற்றுக்கிடையே ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து நிற்கும்போது மணி அடித்துவிடுகிறது. இன்னொரு காரணம் இதனினும் ஆழமானது என்று கருதுகிறேன். ஆசிரியர் மதிப்பெண் போடுபவர், கண்டிப்பவர், பெற்றோரை வரச்சொல்லி அனுப்புபவர். பெட்டியில் போட நினைக்கும் தாளில் ஓர் ஆசிரியர் அடித்ததைப் பற்றியே எழுதியிருந்தால், பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பிள்ளை எண்ணிப் பார்க்காமல் இருக்குமா?

லான்செட் கட்டுரை வெளிவந்து இரண்டாண்டுகளுக்குள், 2020 பிப்ரவரியில், ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் ‘நலவாழ்வுத் தூதர்’களாக அமைவர், வாரம் ஒரு மணி நேரம் 11 கருப்பொருள்களை நடத்துவர், உணர்வுநலமும் மனநலமும் அவற்றுள் அடங்கும். சத்துணவு பற்றியும் தூய்மை பற்றியும் கற்பிக்க இது நல்ல ஏற்பாடு. கற்பிப்பது ஆசிரியரின் தொழில். ஆனால் இதையே மனநலச் சேவை பள்ளிக்குள் வந்துவிட்டதற்குச் சான்றாகக் காட்டினால், நாலந்தாவில் பலன் தராதது எதுவென்று தெரிந்த பிறகும் அதையே தேர்ந்தெடுத்தவர்கள் ஆவோம்.

ஆசிரியர்களால் ஒருபோதும் முடியாது என்று சொல்ல வரவில்லை. டார்ஜிலிங் மலைப்பகுதியின் தொடக்கப் பள்ளிகளில் ‘டீலீஃப்’ என்னும் முயற்சியில், ஆசிரியர் தம் வகுப்பிலேயே உதவி தேவைப்படும் சில பிள்ளைகளைக் கண்டறிந்து, பாடம் நடத்தும் போக்கிலேயே அவர்களை அணுகும் முறையைச் சற்று மாற்றிக்கொள்கிறார். அங்கே மனநலம் கற்பித்தலுக்குள்ளேயே கரைந்திருக்கிறது, தனிப் பொறுப்பாக மேலே ஏற்றப்படவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இது பொருந்தக்கூடும். பதினைந்து வயதில் வீட்டுச் சண்டையையோ காதலையோ யாரிடம் சொல்வதென்று தவிக்கும் ஒருவருக்கு வேறு ஆள் வேண்டும்.

அப்படி ஓர் ஆள் பள்ளியில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் தேடி வருவார்களா? டெல்லி அரசுப் பள்ளிகளில் ‘பிரைட்’ திட்டத்தினர் இதைத் தனியே சோதித்தார்கள். ஆலோசகர் வகுப்புக்குள் வந்து ஒரு சிறு அசைபடத்தைக் காட்டி, அதைப் பற்றி மாணவர்களோடு பேசினார். விரும்புவோர் தாமே பெயர் கொடுக்க வழி செய்தார். அவர் வராத வகுப்புகளில் உதவி கேட்டு வந்தவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. அவர் வந்த வகுப்புகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல். தேவை அங்கே முன்பே இருந்தது, அழைப்புத்தான் இல்லை.

பள்ளிக்கு வெளியே, குடும்பத்துக்குள் நுழையும் வாசலைக் கண்டுபிடித்தவர்களில் அதிஃப் ரஹ்மானின் குழுவை முதலில் சொல்வேன். பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே கிராமங்களில், மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகளிடையே அவர்கள் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று உளவியல் முறையைக் கையாண்டார்கள். பேச்சின் மையமாகக் குழந்தையின் வளர்ச்சியை வைத்தார்கள். மருமகளின் மனநோய்க்குச் சிகிச்சை என்றால் கதவடைக்கக்கூடிய மாமியாரும் பேரப்பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்றால் பக்கத்தில் வந்து உட்காருவார். குழந்தைக்கு ஆறு மாதமானபோது இந்தத் தாய்மாரில் 23 விழுக்காட்டினரே மனச்சோர்வோடு இருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 53 விழுக்காட்டினர். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

அந்த நேர்மை ஏன் தேவை என்பதற்கு வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளிடையே நடந்த ஓர் ஆய்வு சான்று. வீட்சே டோல் தலைமையில் நடந்து 2012இல் வெளியான அதில் 399 பிள்ளைகள் பங்கேற்றார்கள். பயிற்சி பெற்ற உள்ளூரார் பள்ளியில் 15 அமர்வுகள் நடத்தினார்கள். முதன்மையாக எதிர்பார்த்த பலன்கள் ஒட்டுமொத்தமாகக் கிட்டவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, ஆண்பிள்ளைகளிடம் சில முன்னேற்றங்கள் தெரிந்தன. பெண்பிள்ளைகளிடமோ அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அறிகுறிகள், அமர்வுகளில் கலந்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாகவே தணிந்தன. நல்லெண்ணத்தோடு செய்த பணி சிலருக்கு இயல்பாக வந்திருக்க வேண்டிய ஆறுதலைத் தாமதப்படுத்தியிருக்கலாம். அளந்து பார்த்திராவிட்டால் இது தெரிந்தே இருக்காது. புகைப்படங்களோடு ஒரு வெற்றி அறிக்கைதான் வந்திருக்கும்.

ஆகவே கொள்கை வகுப்போரிடம் கேட்க வேண்டியது திட்டவட்டமானது. உயர்நிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். மருத்துவப் பட்டத்தை அதற்குத் தகுதியாக வைக்க வேண்டியதில்லை. பயிற்சியும், தொடர்ந்து மேற்பார்வையிடும் ஒரு மனநல வல்லுநரும், கடும் பாதிப்புள்ள பிள்ளையை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் வழியும் இருந்தாக வேண்டும். முதலில் சில மாவட்டங்களில் தொடங்கி, ஆண், பெண் பிள்ளைகளைப் பிரித்து அளந்து, முடிவுகளை வெளியிட்ட பிறகே விரிவாக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஓர் ஊதியம் என்பது அரசுக்குச் செலவுதான். ஆசிரியரிடம் ஒப்படைத்தால் அந்தச் செலவு கணக்கில் தெரியாது. ஆனால் நாலந்தாவின் ஆசிரியர் தொகுதிப் பள்ளிகளில் பயிற்சிக்கும் பொருள்களுக்கும் ஆன செலவுக்கு மாணவர் பக்கம் அளக்கக்கூடிய பயன் எதுவும் வந்து சேரவில்லை. நிதித்துறையிடம் வாதிடும்போது முதலில் வைக்க வேண்டிய கணக்கு இதுவே.