நோயறிவும் மக்கள் நம்பிக்கையும்

நோய்க் கிருமிகளுக்கு நிறபேதம் இல்லை. ஆனால் நோய்க்கு முதலில் இலக்காவோர் யார், மருந்து இறுதியிற் சென்றடைவது யாரை என்பவற்றைச் சமுதாய அமைப்பே பெரிதும் நிர்ணயிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே எயிட்ஸ் தடுப்பு இயக்கம் வளர்ந்த வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆண்கள் ஐவரைப் பற்றிய அறிக்கையுடன் இந்நோய் உலகின் கவனத்துக்கு வந்தது. பத்திரிகைகள் இதனை வெள்ளையரான தற்பால் விருப்புடையோரின் நோயாகவே சித்திரித்தன. 1986இல் அரசாங்கப் புள்ளிவிபரங்கள் வேறு கதை கூறின. சனத்தொகையில் 12 சதவீதத்தினரான கறுப்பின மக்கள் நோயாளருள் 25 சதவீதத்தினராயிருந்தனர்.

அரசாங்கம் துண்டுப் பிரசுரங்களை வழங்கினாற் போதாதா என நாம் வினவலாம். விடை பழைய வரலாற்றில் உள்ளது. 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்து ரஸ்கீகியில் அரச பொதுச் சுகாதார சேவையினர், சிபிலிஸ் என்னும் பாலியல் நோயின் போக்கை அறிவதற்காக ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை அவதானித்து வந்தனர். அவர்களுள் 399 பேர் நோயுற்றோர். பெரும்பாலோர் ஏழைக் குத்தகை விவசாயிகள். 'கெட்ட இரத்தத்துக்கு' வைத்தியம் செய்வதாகக் கூறி அவர்களை ஏமாற்றினர். பென்சிலின் அந்நோயைத் தீர்க்கும் என்பது 1940களில் நிறுவப்பட்ட பின்னரும் அம்மருந்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நாற்பது ஆண்டு வஞ்சனைக்கு உள்ளான மக்கள் அதே அரசின் அறிவுரையை ஐயுறுவதை அறியாமை என இகழ்வார் உளராயின், வரலாற்றை அறியாதவர் அவரே.

ஆகவே மக்களே முன்வந்தனர். 1985இல் பிலடெல்பியாவில் தாதியான ரஷீதா ஹசன் முதலியோர் 'பெபாஷி' என்னும் அமைப்பை நிறுவினர். கறுப்பர் கறுப்பருக்குக் கற்பித்தல் என்பதே அப்பெயரின் உட்பொருள். தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் டயானா டயானா என்னும் சிகையலங்காரப் பெண்மணி தமது கடையையே கல்விக்கூடமாக்கினார். ஆணுறைகளை எடுத்துச் செல்ல நாணியோருக்காக அவற்றைப் பரிசுப்பொருள் போல வண்ணத்தாளிற் சுற்றி வைத்தார். வைத்தியரின் மொழி எட்டாத இடத்தை அயலவரின் பேச்சு எட்டியது.

தேவாலயத்தின் நிலை முரண்பாடுடையது. குடியியல் உரிமைப் போராட்டத்தின் பாசறையாக விளங்கிய அதே தேவாலயம், பாலியல் பற்றிப் பெரும்பாலும் மௌனம் சாதித்தது. தற்பால் விருப்புடையோரைக் கண்டிக்கவும் செய்தது. நோயுற்ற ஆண்கள் பலர் தம் மக்களிடையேயே அந்நியராயினர். ஹார்லெம் வைத்தியசாலையிற் பணியாற்றிய பெர்னெஸா சீல், 1989இல் நோயாளருக்கான பிரார்த்தனை வாரமொன்றை ஒழுங்குசெய்து, தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் அதில் ஒன்றிணைத்தார். மௌனம் உடையத் தொடங்கியது.

எனினும், விழிப்புணர்வை மாத்திரம் போற்றி நாம் அமைதியடைதல் தகாது. 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாயிற்று. ஒழுங்காக மருந்துண்டு, குருதியிற் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பரவாது என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மை. இருந்தும் 2021இல் அந்நாட்டிற் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டோருள் 40 சதவீதத்தினர் கறுப்பின மக்களே. மருந்து உண்டு, அதனைப் பெறும் வழியை வறுமையும், மருத்துவக் காப்புறுதியின்மையும், இனப் பாகுபாடும் அடைத்து நிற்கின்றன.

சிகையலங்காரக் கடையிற் பிறந்த அறிவு மக்களை வைத்தியசாலையின் வாயில்வரை அழைத்து வந்தது. அவ்வாயிலைத் திறந்து வைத்தல் அரசின் கடமை. திறக்கச் செய்தல் மக்கள் இயக்கத்தின் பணி.