நோன்பு நோம்பியான கதை

திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் "நோம்பி எப்போ?" என்று ஒருவர் கேட்டால், விரதத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மாரியம்மன் நோம்பி, தீவாளி நோம்பி, ஆடி நோம்பி என்று திருநாளுக்கெல்லாம் அங்கே அதுதான் பெயர். நோட்டீசில் திருவிழா என்று அச்சடிப்பார்கள். வாயில் வருவது நோம்பிதான்.

சொல்லின் வேர் 'நோல்'. பொறுத்தல், தவமிருத்தல் என்று பொருள். திருக்குறளின் தவம் அதிகாரம், தனக்கு வந்த துன்பத்தைத் தாங்கும் நோன்றலைத்தான் தவத்தின் உருவமாக முதலில் சொல்கிறது. அந்த வேரில் பிறந்த நோன்பு, பேச்சில் நோம்பு ஆயிற்று. பெண்பிள்ளை பொம்பளையானதும் இதே வழியில்தான்: பகரத்துக்கு முன் நிற்கும் மூக்கொலி மகரமாகிவிடும். மலையாளத்தில் நோம்பு இன்றும் உணவை ஒறுப்பதுதான். தெலுங்குப் பெண்களின் விரதம் நோமு. கன்னடத்தில், குறிப்பாகச் சமணர் வழக்கில், 'நோம்பி' என்ற வடிவமே உண்டு. அங்கும் பொருள் விரதமே. அதைப் புதுத்துணிக்கும் விருந்துக்கும் உரிய சொல்லாக்கியது கொங்குப் பேச்சு.

பட்டினியின் பெயர் பண்டிகைக்கு எப்படி வந்தது? திருப்பாவையிலேயே தடயம் இருக்கிறது. இரண்டாம் பாட்டில் நெய், பால், மை, பூ எல்லாவற்றையும் ஒதுக்கும் பெண்கள், 27ஆம் பாட்டில் நகை பூட்டி, ஆடை உடுத்தி, நெய் வழியும் பால்சோறு உண்ணக் கூடுகிறார்கள். நோன்பு விருந்தில் முடிகிறது. அந்த முடிவு நாளின் மேல் பெயர் தங்கிவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

ஆனால் பழைய பொருள் முழுக்கக் கழன்றுவிடவில்லை. மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டால், அதாவது அறிவித்துவிட்டால், பல ஊர்களில் கறி சமைப்பதில்லை. வெளியூர் போனவர் இரவு தங்காமல் திரும்பிவிட வேண்டும். கோயில் முன் முக்கவராகப் பிரிந்த கம்பத்தை நட்டு, பெண்கள் விடியலில் மஞ்சள்நீர் ஊற்றுவார்கள். பொங்கல், மாவிளக்கு, கிடாவெட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். கம்பம் அம்மனின் கணவன். விழா முடிந்ததும் பிடுங்கி நீரில் விடுவது ஊர் வழக்கம். ராசிபுரத்தில் அது ஆண்டு முழுதும் நிற்கிறது. ஐப்பசித் திருவிழாவில் பழையதை எடுத்துப் புதியதை நடுகிறார்கள். அந்த அம்மனுக்கு நித்திய சுமங்கலி மாரியம்மன் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஆடி முதல் நாளின் தேங்காய் சுடும் நோம்பிக்கு முன்விரதமே கிடையாது. பாரதப் போர் தொடங்கிய நாள் என்பது ஐதீகம். தேங்காயை நார் போகத் தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்து, நீரில் கொஞ்சம் வடித்துவிட்டு, அவல், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் திணிப்பார்கள். மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி, நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினால் ஓடு கருகி வெடிக்கும். உள்ளே வெல்லப்பாகில் பருப்பு வெந்திருக்கும். பிள்ளையாருக்குப் படைத்த பிறகு பிள்ளைகளுக்கு. இந்த நாளையும் நோம்பி என்று அழைக்கும்போது, சொல் விரதத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

சேலம் டவுனுக்குள் வந்தால், கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகை என்பவர்களே அதிகம். அதே ஊரின் பள்ளிவாசல்களில் ரமலான் மாலைகளில் காய்ச்சுவது நோன்புக் கஞ்சி. ஒரே வேரின் இரு கிளைகளான நோன்பும் நோம்பியும் இந்தப் பகுதியில் குழப்பமில்லாமல் அருகருகே புழங்குகின்றன.