ஹட் பேக்குக் குழந்தைகளோடு போறீங்களா? எதைப் பார்க்கலாம், எங்கே போகக் கூடாது?

லிட்டில் அந்தமான் தீவின் துறைமுக ஊர் ஹட் பே. குழந்தைகளுக்குக் கடல் வரலாற்றைச் சொல்லித்தர நல்ல இடம். ஆனால், அருங்காட்சியகம் பார்க்கணும்னா போர்ட் பிளேரிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போர்ட் பிளேரில் என்ன பார்க்கலாம்?

2024 முதல் இந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். இங்கே கடற்படை நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகத்தில் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதன் பக்கத்திலிருந்து நகரவே மாட்டார்கள். திங்கள்கிழமை விடுமுறை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ராஸ் தீவு. 2018-ல் இதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர் வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடமாக இருந்த தீவு. மரவேர்கள் பற்றிய தேவாலயச் சுவர்களையும் ஜப்பானியர் கட்டிய பதுங்கு குழிகளையும் பார்க்கலாம்.

கப்பல் பயணம் எப்படி?

பல மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகலாம். அதனால் திரும்பும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுங்கள். லிட்டில் அந்தமானுக்குத் தெற்கே பத்து டிகிரி கால்வாய்; அதைத் தாண்டினால் நிக்கோபார். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று குறிப்பிடுவது நிக்கோபாரைத்தான்.

ஹட் பேயில் எதைச் சொல்லித்தரலாம்?

படகுத்துறையையும் அலைதடுப்புச் சுவரையும் காட்டுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இரண்டுமே சேதமடைந்தன. இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஓங்கே மக்கள் கடலின் போக்கைப் புரிந்துகொண்டு மேட்டுக்குப் போய்த் தப்பினார்கள். பிள்ளைகள் மறக்கக் கூடாத பாடம் இது: நிலம் பலமாக நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடணும்.

ஓடை கடலில் சேரும் இடங்களில் உப்புநீர் முதலைகள் வரும். அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பவளத் துண்டுகளை எடுத்துவருவதும் குற்றம்.

எங்கே போகக் கூடாது?

டுகாங் கிரீக் உள்ளிட்ட ஓங்கே காப்புப் பகுதிகளுக்கு. 1956-ம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போகவோ, அவர்களைப் படம்பிடிக்கவோ கூடாது. வெளியாட்களோடு வரும் நோய்கள் இந்தச் சின்னஞ்சிறு சமூகத்துக்குப் பெரிய ஆபத்து.

மரத்தைக் குடைந்து தோணி செய்து, இந்தக் கடலில் காலங்காலமாக மீன்பிடித்து வருபவர்கள் அவர்கள். "ஏன் அவங்களைப் பார்க்க முடியாது?" என்று குழந்தை கேட்டால் நேராகவே சொல்லுங்கள்: "அது அவங்க வீடு. கூப்பிடாம போகக் கூடாது."